எயுது ஐரே

ஒன்பது வருஷம் கார் ரேஸுக்குப் போயிருக்கிறேன். ஒரு ரேஸைக்கூடப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை, கிறுக்கு என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். பார்க்காதது என் குற்றம் இல்லை, என் வேலை அப்படி. பூவராகன் கூப்பிடுவான், நான் குனிந்த தலை நிமிராமல் எழுதுவேன். எங்கள் சிநேகிதமே அதுதான்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் மைதானத்தில், முடிவுக்கோட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் எந்த வண்டி முதலில் கோட்டைத் தாண்டியது, எது இரண்டாவது, எது கடைசி என்று அங்கே உட்கார்ந்து காகிதத்தில் ஏற்ற வேண்டும். பதினாலு வண்டியும் கண் இமைக்கிற நேரத்தில் போய்விடும். அதனால் ஒருவன் நம்பரைக் கூப்பிட வேண்டும், இன்னொருவன் எழுத வேண்டும். எழுதுகிறவன் நிமிர்ந்தால் இரண்டு வண்டி போச்சு என்று அர்த்தம். ரேஸ் முடிந்ததும் இரண்டு பேரும் காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னை அங்கே இழுத்துப்போனவர் லாசரஸ் சார். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு, கையில் பைபிளோடு நேராக மைதானத்துக்கு வந்து நேரக் கணக்கைப் பார்ப்பார். “ஸ்ரீநிவாசராகவன், உங்க கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு, வாங்க” என்றார். புகழ்ச்சிக்கு மயங்கிப் போனேன். இரண்டாயிரமாவது வருஷம் அது.

அன்றைக்கு எனக்குக் கூப்பிட்டவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். பாதி நம்பரை விட்டுவிட்டு, விட்டதற்கு என்னை முறைத்தார். மத்தியானம் கேன்டீனுக்கு மீன் கொண்டுவந்த ஒருவன், ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டே, மைதானத்துக்கு முதுகைக் காட்டியபடி சொன்னான்: “அந்த நாலாம் நம்பரு நிக்கப் போவுது சார். தும்மிகினே ஓடுது.” அடுத்த சுற்றில் நாலாம் நம்பர் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. லாசரஸ் சார் பெட்டியை இறக்கிவைக்கக்கூட விடவில்லை. அவனைக் கையோடு கூட்டிவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவன்தான் பூவராகன். என்னைப் பார்த்தான், என் நெற்றியைப் பார்த்தான்.

“இன்னா ஐரே, எயுதத் தெரியுமா?”

“நான் ஐயர் இல்லப்பா. ஐயங்கார்.”

“ரெண்டும் மீன் வாங்காத கேஸுதானே. எயுது ஐரே.”

அன்றிலிருந்து ஒன்பது வருஷம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று நான் எண்ணவில்லை, அந்தக் குரலுக்கு எழுதினேன். ‘ஏயு, இர்வத்தி ரெண்டு, நாலு, பதினொன்னு’ என்று ஓடும். நடுவில் மூச்சுவிடுகிற நேரத்தில் சங்கதியும் வரும். ‘பதினொன்னு பயப்பட்றான் ஐரே, சின்னப் பையன் போலகீது. இர்வத்தி ரெண்டு கோவமா வரான், வூட்ல சண்டை.’ ரேஸ் முழுவதும் எனக்கு அவன் வாய் வழியாகத்தான் நடந்தது. கண்ணால் பார்த்தவர்களைவிட நான் அதிகம் பார்த்தேன் என்றே நினைக்கிறேன்.

பூவராகனும் அவன் மனைவி சரளாவும் கோவளம் குப்பத்துக்காரர்கள். கல்யாணமான கையோடு எங்கள் ஊர் கேம்ப் ரோடு பக்கம் குடிவந்து மீன்கடை போட்டவர்கள். விடிவதற்கு முன்னால் பூவராகன் டி.வி.எஸ். மொபெட்டில் கோவளம் போவான். கரையில் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸைக் கொட்டி, கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியாக ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். தாமதமானால் சங்கரா மீனின் கண் வெளுத்துவிடும், வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விடுவாள். சரளா கத்தியோடு உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள். கை பாட்டுக்கு மீனை ஆயும், வாய் பாட்டுக்கு வாடிக்கைக்காரிகளோடு மல்லுக்கட்டும். ரேஸ் நாளில் எனக்கென்று எலுமிச்சை சாதம் கட்டித்தருவாள். “புதுப் பாத்திரம் அண்ணா. மீன் பட்டது இல்ல, கேட்டுக்கோங்க” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் சாப்பிடும்போது பூவராகன் நெத்திலி வறுவலை என் மூக்கருகே நீட்டிக் காட்டிவிட்டுத் தின்பான். நல்ல மனுஷன், ஆனால் அந்த விஷயத்தில் கஸ்மாலம்.

முதலில் அவன் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து படப்பை வழியாகத்தான் மைதானத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் ஜெயஸ்ரீ வாசலிலேயே நிறுத்தி, “குளிச்சுட்டு உள்ள வாங்கோ” என்பாள். ஐந்து வருஷம் கழித்து ஒருநாள் பூவராகன், “வண்டி ரொம்ப பேஜார் பண்ணுது ஐரே, லாசரஸ் சார் காருலயே போலாம்” என்றான். அதற்கப்புறம் மொபெட்டில் என்னை ஏற்றவே இல்லை. கையெழுத்துப் போடும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “எங்க போடணும் ஐரே, இட்டுனு போ” என்பான். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ரேஸ் தொடங்குமுன் கார்கள் நிற்கும் வரிசையில் ஒவ்வொன்றின் அருகிலும் போய் நின்றுவிட்டு வருவான். இன்ஜினைக் கிளப்பச் சொல்வான், பானெட்டில் கை வைப்பான். எல்லாருக்கும் வணக்கம் சொல்லப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவன் என்றுதான் பெயர், என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, தை மாசம். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார் என்று காலையில் மேடவாக்கம் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. எதிரே அந்த மொபெட் வந்தது. முன்னால் மீன்பெட்டி, நடுவில் பூவராகன், பின்னால் சரளா. அவள் ஏன் கோவளம் போனாள் என்று நினைக்கும்போதே பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவள் அவன் தோளில் முகவாயை வைத்து, காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“நேரா… நேரா… மாடு கீது, ரைட்ல ஒடி… போதும்… தண்ணி லாரி நிக்குது, மெதுவா…”

அவன் முகம் நேராக இருந்தது. என்னை உரசுகிற மாதிரி கடந்து போனான். ஏழு வருஷத்தில் முதல்முறையாக ‘இன்னா ஐரே’ என்று கேட்கவில்லை. நடையைப் பாதியில் விட்டுத் திரும்பினேன்.

கடைக்குப் போனேன். பூவராகன் ஐஸ் வாங்கப் பக்கத்துச் சந்துக்குப் போயிருந்தான். சரளா நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே, நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

“எத்தனை நாளா?” என்றேன்.

“சக்கரை அண்ணா. கண்ணுக்குப் பின்னால ரத்தக் கொயா உடஞ்சிருச்சாம். ஒன்னு சுத்தமா போச்சு. இன்னொன்னு பொகையில பாக்குற மாரி கீதுங்கறாரு. ரெண்டு வருசமாவுது.”

“ரெண்டு வருஷமா? அப்போ ரெண்டு வருஷமா நான் எழுதினதெல்லாம் என்ன?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை கோப்பைகள் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் அடியில் என் பெயரும் இருக்கிறது. ரோட்டில் போகிற பிள்ளைகளின் உயிர் வேறு.

“தப்பா எதுனா வந்துச்சா அண்ணா? ஒரு நம்பரு?”

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

“வராது. அது கண்ணால பாத்து சொல்றது இல்ல, காதுல கேட்டு சொல்றது. எங்க குப்பத்துல எல்லார்க்கும் உள்ளதுதான். விடியக்காலைல கரையில குந்திகினு, இது யாரு போட்டு, இது யாரு போட்டுன்னு இன்ஜின் சத்தத்துலயே எண்ணுவோம். ஆம்பளைங்க வந்தத எண்ணுவாங்க, ஏலம் போடணுமே. பொம்பளைங்க வராதத எண்ணுவோம்.” வெட்டிய மீனைத் தண்ணீரில் அலசினாள். “லாசரஸ் சார் கையில சொல்லிடாதீங்க அண்ணா. கடை போனா வேற கடை. அந்த நாற்காலி போச்சுன்னா அவரு செத்துருவாரு. அங்கதான் அவர யாரும் குருடன்னு பாக்கல.”

பூவராகன் ஐஸ் மூட்டையோடு வந்தான். என் செருப்புச் சத்தம் போதும் போலிருக்கிறது. மூட்டையை இறக்கிவிட்டு, குனிந்து ஐஸை உடைக்கத் தொடங்கினான். 

“முதல்ல மொபெட்டை விடு” என்றேன். “நாளைலேர்ந்து நீ தொடக் கூடாது. தொட்டேன்னா நானே போலீஸ்ல சொல்வேன்.”

“மீனு எப்படி வரும் ஐரே? நீ தூக்கினு வருவியா?”

“சரளா ஓட்டட்டும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே சேலையூர் ஏரிப்பக்கத்துக் காலி மனையில் நாற்பத்திரண்டு வயது சரளா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மொபெட் பழகினாள். இரண்டு தடவை விழுந்தாள், முழங்கை தோல் பெயர்ந்தது. பத்து நாளில் கோவளம் போய்வந்துவிட்டாள். பூவராகன் பின்னால் உட்கார்ந்து, “பின்னால லாரி வருது, காலி லாரிதான், அவசரம் இல்ல, வுடு” என்று சொல்லிக்கொண்டே வருவான். முன்னால் இருப்பதை அவள் பார்த்துக்கொண்டாள், பின்னால் வருவதை அவன் கேட்டுக்கொண்டான்.

நாற்காலி விஷயத்தில்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. “அடுத்த ரேஸ்ல நான் சோதிப்பேன். ஒரு நம்பர் தப்பினாலும் நானே லாசரஸ் சார்கிட்ட சொல்லிடுவேன்” என்றேன்.

“சோதிச்சிக்கோ” என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவன் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மாசி முதல் ஞாயிறு. பதினாலு வண்டி. ஐந்து சுற்று வழக்கம்போல எழுதினேன். ஆறாவது சுற்றில், கடவுளே என்று தலையை நிமிர்த்தினேன்.

பூவராகன் மைதானத்தையே பார்க்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி வளைவில் ஒன்றுமே இல்லை, வெறும் தார்ரோடும் கானலும். “ஏயு” என்றான். அதற்கப்புறம்தான் வளைவிலிருந்து சிவப்பாக ஒன்று வெளியே வந்தது. அதன் மூக்கில் ஏழு. “இர்வத்தி ரெண்டு.” நீலம் ஒன்று வந்தது. “நாலு. பதினொன்னு, ஒட்டினு வரான்.” மஞ்சளும் வெள்ளையும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்த மாதிரி வந்தன. அவன் ஒவ்வொன்றாகக் கூப்பிட, அது ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கோயிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை, பெருமாள் மன்னிக்கட்டும். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“எயுது ஐரே” என்றான் கண்ணைத் திறக்காமல். “பேனா சத்தம் நின்னுபோச்சு.”

அந்த இரைச்சலில் என் பேனாவை அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். குனிந்தேன். ஆறாவது சுற்றுக்கான கட்டம் முழுக்கக் காலி. ஏழு வருஷத்தில் முதல் தப்பு, அதுவும் என்னுடையது.

சனியன் அங்கேதான் வந்து பிடித்தது. ஆறாவது சுற்றில் எங்கேயோ ஒரு வண்டி சறுக்கி, மஞ்சள் கொடி காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கொடி காட்டினால் யாரும் யாரையும் முந்தக் கூடாது. பதினொன்று தன்னை அப்போதுதான் முந்திப்போனான் என்று நாலாம் நம்பர்காரர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். லாசரஸ் சார் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஆறாவது சுத்து எங்கே ஸ்ரீநிவாசராகவன்?”

 நான் வாயைத் திறப்பதற்குள் பூவராகன் பேசினான். “ஐரு மேல தப்பு இல்ல சார். எயுதிக்கோங்க. ஏயு, இர்வத்தி ரெண்டு, நாலு, பதினொன்னு, முப்பது, ஒம்போது…” என்று பதினாலையும் சொன்னான். “பதினொன்னு ஆறுல முந்தல. ஏயாவது சுத்துல, நேர் ரோட்ல முந்தினான். அப்ப கொடி எறக்கிட்டாங்க.”

யாரோ ஒரு டீம்காரர் கையடக்கக் கேமராவில் படம் பிடித்திருந்தார். அதை ஓட்டினார்கள். லாசரஸ் சார் திரைக்குள் மூக்கை நுழைத்து ஒவ்வொரு நம்பராக விரலால் தொட்டுச் சரிபார்த்தார். பதினாலும் அதே வரிசை. புகாரைக் கொடுத்தவரே பூவராகனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கூட்டம் கலைந்தபின் லாசரஸ் சார் பேனாவை நீட்டினார், “கையெழுத்துப் போடு பூவராகா.” நான் மணிக்கட்டை நீட்ட மறந்துவிட்டேன். அவன் பேனாவை வாங்கி, காகிதத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மேஜையில் கையெழுத்துப் போட்டான்.

லாசரஸ் சார் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவன் கையை மெதுவாகப் பிடித்துக் காகிதத்துக்குக் கொண்டுவந்து, “இங்கே” என்றார். அவன் போட்டான். அவர் கண் கலங்கியிருந்தது.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசம் சார். நாளைலேர்ந்து வரல சார்.”

“யார் வர வேணாம்னு சொன்னா? பக்கத்துல இன்னொருத்தர் பார்த்துச் சொல்லட்டும். பேங்க்ல இருக்கானே அருண்ராஜ், அவனைப் போடறேன். சட்டத்துக்கு அவன், கணக்குக்கு நீ.” பைபிளை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பினார். “அடுத்த மாசம் ஒன்பது மணி ரேஸ். லேட்டா வராதே.”

கார் போகிற வழியெல்லாம் பூவராகன் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினான். என் தொடையில் அடித்தடித்துப் பேசினான். படப்பை தாண்டியதும் சட்டென்று, “நீ நிமிந்து பாத்த இல்ல ஐரே? எப்படி கீது?” என்று கேட்டான்.

“நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது” என்றேன்.

“அப்ப சரி” என்றான்.

இரண்டு வருஷம் கழித்து ஆடியில் சர்க்கரை அவன் சிறுநீரகத்துக்கும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். கடைசி நாட்களில் வராந்தாவில் தள்ளுவண்டி போனால், “அது மருந்து வண்டி ஐரே, சக்கரம் ஒன்னு மக்கர்” என்பான். அவன் போன அன்று காலை நான் ஆபீஸில் இருந்தேன். அதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கார்த்திகையில் சரளா வந்து கேட்டாள். “அங்க இன்னாதான் கீதுன்னு ஒருவாட்டி பாக்கணும் அண்ணா. ஒம்போது வருசம் ஞாயித்துக்கெயமைய அதுக்குத்தானே குடுத்தேன்.”

கடையைக் கட்டிவிட்டு, மொபெட்டில் தனியாகவே வந்தாள். காட்டன் புடவை, தலையில் ஈரம். லாசரஸ் சார் எழுந்து நின்று பூவராகனின் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அருண்ராஜ் அந்த நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டுதான் கூப்பிடுவது வழக்கமாகியிருந்தது. ரேஸ் தொடங்கியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு சுற்றில் கையை எடுத்துவிட்டாள். நான் குனிந்து எழுதினேன். எட்டாவது சுற்றில் அருண்ராஜின் குரல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் அவள் சொன்னாள்.

“ஒன்னு வரல.”

கட்டத்தை எண்ணினேன். பதினொரு வண்டிதான் எழுதியிருந்தேன், ஓடுவது பன்னிரண்டு. அருண்ராஜ் இன்னும் கவனிக்கவில்லை. “அடித்தொண்டைல ஒன்னு பேசினு இருந்திச்சே, அது” என்றாள். அவள் சொல்லி முடித்தபின்தான் தூரத்தில் மஞ்சள் கொடி உயர்ந்தது. வண்டி புல்லில் இறங்கிப் புரண்டிருந்தது. ஓட்டியவன் வெளியே வந்து டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருப்பதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். லாசரஸ் சார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ரேஸ் முடிந்து கொட்டகை காலியான பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“போலாமா சரளா?”

“அந்தப் பையன் வந்துட்டானா அண்ணா?”

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவன் நடந்து வந்து எங்களைத் தாண்டிப் போனதைப் பார்த்த பிறகுதான் எழுந்தாள். எழுந்து, அந்த நாற்காலியின் முதுகை ஒருதரம் தடவினாள். “சரி, போலாம்” என்றாள். குரல் உடைந்திருந்தது. நானும் அழுதேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை.

லாசரஸ் சாருக்கு முடிவுகளைச் சரிபார்க்கும் வேலை இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. “குந்துங்க அண்ணா” என்றாள். மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டேன். மீன் வாசனை அடித்தது. ஜெயஸ்ரீ வாசலில் நிறுத்துவாள், நிறுத்தட்டும்.

 ஒரகடம் தாண்டியதும் தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

“பின்னாடி சும்மா கீது அண்ணா. அவரு இன்னா வருதுன்னு சொல்லிகினே வருவாரு. நீங்களும் எதுனா சொல்லிகினு வாங்களேன்.”

எனக்கு என்ன தெரியும்? திரும்பிப் பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். வெகுநேரம் காற்றுதான் கேட்டது. பிறகு ஏதோ ஒன்று உறுமிக்கொண்டு வந்தது.

“பஸ் வருது சரளா” என்றேன். “காலி பஸ்தான்னு நினைக்கிறேன்.”

“தண்ணி லாரி அண்ணா” என்றாள். “ரொம்பி கீது.” இடது பக்கம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள். லாரி தண்ணீரைச் சிந்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது.

“சொல்லிகினு வாங்க” என்றாள்.